முகத்தை மறைக்காத ஏணி

1. வந்தவர்

பின்கதவுக்கு ஏணி கேட்டு வந்தவருடைய வண்டியின் பின்கதவில் அவருடைய முகமே ஒட்டியிருந்தது.

நான் அப்போது வேலைக்கூடத்தில் ஒரு வண்டிக்கு முன்பம்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் கடை, ஊரை விட்டு வந்த எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குப் பக்கத்துப் பிளாசாவில் கடைசி யூனிட். ஒருபக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் வருமான வரி செய்துகொடுக்கும் அலுவலகம். காடு மலை ஏறுவதற்கென்று செய்த வண்டிகளுக்கு மேலதிக சாமான்கள் பூட்டிக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். கூரைக்கு ராக், சேற்றில் புதைந்தால் இழுத்தெடுக்கும் வின்ச், பெரிய ரயர், பக்கப்படி, பின் ஏணி. எங்கள் ஆட்கள் உயரமாக நிற்கும் எந்த வண்டியையும் ஜீப் என்றே சொல்வார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் பூட்டுகிற சாமான்களில் பெரும்பாலானவை காட்டைக் காணப்போவதில்லை. எங்களிடம் வின்ச் பூட்டிய ஒருவர் அன்றிலிருந்து இன்றுவரை மார்க்கம் நகரில் தன் வீட்டுக்கும் மரக்கறிக் கடைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறார். ஆற்றைக் கடக்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க மூச்சுக்குழாய் பூட்டிய இன்னொருவர், மழை வந்தால் ஜீப்பைக் கராஜில் விட்டுவிட்டு மனைவியின் காரை எடுத்துக்கொண்டு போவார். சிரிப்பு வரும். மனதுக்குள் சிரித்துக்கொண்டு போல்ற்றைச் சரியாக இறுக்குங்கள்.

வந்தவருக்குச் செல்வா என்று பெயர் வைத்துக்கொள்வோம். வீடு விற்பனை முகவர். பஸ் தரிப்பிடத்து வாங்குகளில் விளம்பரமாக ஒட்டிய அவருடைய முகத்தின்மேல் சனம் உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்ப்பது அதுதான் முதல்.

"தங்கச்சி, மெக்கானிக் இல்லையோ?"

"நான்தான் அண்ணை."

"இல்லை, ஏணி பூட்டுற ஆள்."

"அதுவும் நான்தான்."

அவர் என் தோளுக்கு மேலால் எட்டி, பின்னால் யாராவது ஆம்பிளை நிற்கிறானா என்று பார்த்தார். பின்னால் காற்றடிக்கிற கொம்பிரசர்தான் நின்றது.

என் பெயர் தவமலர். மட்டக்களப்புப் பிள்ளை. கல்லாவில் ரசீது எழுத வந்து, பூட்டுகிறவர் ஒருவர் பாதியில் விட்டுவிட்டுப் போன வேலையை முடித்துக்கொடுத்து, அப்படியே வேலைக்கூடத்தில் நின்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தாரையும் மன்னார்க்காரரையும் நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு என் பேச்சும் அவர்களுடையது மாதிரியே ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் என்னைத் தாண்டிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். அதற்கெல்லாம் கோபித்தால் ஒரு வேலையும் முடியாது.

2. பிணைச்சல் இருக்கிற பக்கம்

பக்கவாட்டில் திறக்கிற பின்கதவுக்கு ஏணி பூட்டுவதில் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஏணியின் கால்கள் கதவின் பிணைச்சல்களில் பூட்டப்பட வேண்டும். கதவை வண்டியின் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பது பிணைச்சல். அங்கே இரும்பு தடிப்பு. ஏறுகிறவரின் பாரம் அதன் வழியாகச் சட்டத்துக்குப் போய்விடும். கதவின் மற்ற இடமெல்லாம் வெறும் தகடு. மீன் அடைத்து வருகிற ரின்னைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். மேலே பளபளவென்று பெயின்ற் அடித்திருப்பதால் மலை மாதிரித் தெரியும்.

செல்வாவின் ஜீப்பில் பிணைச்சல்கள் வலதுபக்கம். ஸ்ரிக்கராக ஒட்டியிருந்த அவருடைய முகமும் வலதுபக்கம். இடதுபக்கத்தில் ரெலிபோன் இலக்கமும், வீடு வாங்க விற்க நம்பிக்கையான ஒரே பெயர் என்ற வரியும் இருந்தன.

ஒரு ஏணியை எடுத்துக் கதவோடு பிடித்துக் காட்டினேன். அவர் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தார். ஒரு படி தாடைக்குக் குறுக்கே போனது. அடுத்தது மூக்குக்கும் மீசைக்கும் நடுவே. அதற்கடுத்தது நெற்றியில். இரண்டு பக்கமும் நெடுங்கம்பிகள். சிரித்த முகம் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, இது கம்பி எண்ணுறவன் மாதிரியெல்லோ கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"நான் ஊர்ச் சங்கத் தேர்தலில தலைவர் பதவிக்குக் கேக்கிறன். இப்பிடி ஓடித் திரிஞ்சா, மற்றப் பக்கத்தார் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில விட்டாக் காணும். என்ர கதை முடிஞ்சுது. நீங்கள் இடதுபக்கம் போடுங்கோ."

"இடதுபக்கம் பிணைச்சல் இல்லை அண்ணை. வெறும் தகடு. பாரம் தாங்காது. ஸ்ரிக்கரை உரிச்சு, முகத்தை இடதுபக்கம் மாத்தி ஒட்டுங்கோ. பிறகு ஏணியை வலதுபக்கம் பூட்டுவம்."

"அவங்கள் ஸ்ரிக்கர் அடிக்க ரெண்டு கிழமை கேப்பாங்கள். வாற சனிக்கிழமை சங்கத்துப் பிக்னிக்."

"அப்ப பிக்னிக் முடியப் பூட்டுவம். ஏணியில ஆர் ஏறப்போகினம்?"

"ஒருத்தரும் ஏறப்போறதில்லை. எனக்கு முழங்கால் வருத்தம். ஏணி இருந்தாத்தான் ஜீப் ஜீப் மாதிரி இருக்கும். எனக்கு எதிரா நிக்கிறவர் கூரையில ராக் பூட்டிக்கொண்டு திரியிறார்."

ஊர்ச் சங்கத் தலைவர் பதவிக்கு ராக் ஒரு தகுதி என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

3. யூட் அண்ணையின் "ஓம்"

கடை முதலாளி யூட் அண்ணை மன்னார்க்காரர். ஞாயிறு பூசை தவறவிடாதவர், நல்ல மனிசன். ஒரேயொரு நோய்தான் அவருக்கு. வாடிக்கையாளரிடம் "ஏலாது" என்ற சொல் வாயில் வராது. ஒருமுறை ஒருவர் தன்னுடைய சின்னஞ்சிறு மின்சாரக் காருக்கு மூச்சுக்குழாய் பூட்டமுடியுமா என்று கேட்டார். எஞ்சினே இல்லாத கார். யூட் அண்ணை, "ஓர்டர் பண்ணிப் பாப்பம்" என்றார்.

செல்வா பிக்னிக்கில் கட்டும் பனரில் கடையின் பெயரைப் பெரிதாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். யூட் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தவம், காட்சிக்குத்தானே. நாலு ஓட்டை போட்டு, ரிவெட் நட் வைச்சு இறுக்கிவிடும். போதும்."

"தகட்டில நான் ஓட்டை போடமாட்டன் அண்ணை. ஏணியெண்டு ஒண்டு இருந்தா ஒருத்தன் ஏறுவான்."

"ஏறக்கூடாதெண்டு ஒரு ஸ்ரிக்கர் ஒட்டுவம்."

ஏறக்கூடாத ஏணி. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் பகிடி விடவில்லை.

"அப்ப நீங்களே பூட்டுங்கோ அண்ணை. எனக்குப் பம்பர் வேலை கிடக்கு."

அவர் கனகாலத்துக்குப் பிறகு துளைப்பானைக் கையில் எடுத்தார். கதவில் ஓட்டை போட்டு, தகட்டின் உட்பக்கத்தைக் கவ்விப் பிடிக்கிற ரிவெட் நட்டுகளை வைத்து, ஏணியை இறுக்கினார். உண்மையைச் சொன்னால் பார்க்க மிகவும் அழகாகத்தான் இருந்தது. முகம் முழுதாகத் தெரிந்தது. நம்பிக்கையான ஒரே பெயர் என்ற வரி மட்டும் படிகளுக்குப் பின்னால் மறைந்துபோயிற்று. அதைப் பற்றிச் செல்வா கவலைப்படவில்லை.

அவர் வண்டித் திறப்பை வாங்கிக் கிளம்பும்போது நான் வெளியே போய் மறுபடி சொன்னேன்.

"அண்ணை, உதில ஒருத்தரையும் ஏறவிடாதேங்கோ. பிள்ளைகளைக்கூட."

"ஓம், ஓம்."

ஏறக்கூடாது என்ற ஸ்ரிக்கர் கறுப்பு எழுத்தில் கீழ்ப்படிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. அவர் பிளாசாவை விட்டு வெளியே திரும்பும் முன்பே வண்டியை நிறுத்தி இறங்கி அதை உரித்தெடுத்தார். கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஸ்ரிக்கர் விரலில் ஒட்டிக்கொண்டு விழமாட்டேன் என்று நின்றது. கடைசியில் அதைக் குப்பைத்தொட்டியின் மூடியில் ஒட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளைக்கு எங்கள் பிளாசாவில் ஏறக்கூடாத குப்பைத்தொட்டி ஒன்று இருந்தது.

4. பிக்னிக்

செல்வாவின் சங்கத்து ஊர்தான் என் கணவருடைய ஊரும். அதனால் நான் அந்தப் பிக்னிக்குக்கு மருமகளாகப் போகவேண்டியிருந்தது. பெரிய பூங்கா, நல்ல வெயில். ஒரு பக்கம் கயிறிழுத்தல், மறுபக்கம் பெரிய சட்டியில் பனங்கிழங்கு மா போட்ட ஒடியல் கூழ். எங்கள் கடையின் பனர் சமையல் கூடாரத்துக்கு மேலே தொங்கியது. யூட் அண்ணை குடும்பத்தோடு வந்திருந்தார். மகனுடைய மகள், ஆறு வயதுச் சின்னப்பிள்ளை, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செல்வா ஜீப்பைப் புல்லில் ஏற்றிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அந்த வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கியது அன்றுதான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

மத்தியானம் அவர் மைக்கை எடுத்தார். ஊரின் எதிர்காலம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது என்று தொடங்கினார். அதுவரை யாருக்கும் ஆபத்தில்லை. பிறகு, ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஜீப்பின் கூரையில் ஏறி நின்று கைகாட்டினால் படக்காரர் ஒரு படம் எடுப்பார், சங்கத்து மலரின் அட்டையில் போடலாம் என்றார். பிள்ளைகள் ஓடிவந்து ஏணிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். பெற்றோர் போனை எடுத்தார்கள்.

என் கையில் கூழ்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. நான் போய்ச் சேரும்போது முதல் பையன் ஒரு காலைத் தூக்கிக் கீழ்ப்படியில் வைத்துவிட்டான். இடுப்பில் பிடித்து இறக்கிவிட்டு, ஏணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை கேட்டாள். "அன்ரி, கான் வீ கோ அப் ஓர் நொட்?"

"நோ," என்றேன்.

செல்வா மைக்கிலேயே சொன்னார். "தங்கச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பிள்ளைகள் ஏறட்டும்."

"ஏறவிடமாட்டன். இது தாங்காது. கடையிலயே உங்களுக்குச் சொன்னனான்."

மைக் பக்கத்தில் இருந்ததால் நான் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். என் கணவரின் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "உது எங்கட ரவியின்ர பெண்சாதி. எந்த நேரமும் உப்பிடித்தான்," என்று விளக்கம் கொடுத்தார்.

செல்வா சிரித்தபடியே சொன்னார். "உங்கட கடைதானே பூட்டினது. உங்கட வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையோ?"

சனம் சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. நான் பூட்டவில்லை என்று சொல்லலாம். சொன்னால், அங்கே நிற்கிற முதலாளியை எல்லாருக்கும் முன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் பிள்ளைகள் ஏறுவார்கள். நான் யூட் அண்ணையைத் தேடினேன். கையில் சாப்பாட்டுத் தட்டோடு கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். அவருடைய பேத்தி வரிசையில் மூன்றாவதாக நின்றாள்.

"யூட் அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட பேத்தியை முதல்ல ஏத்துங்கோ. நான் விலத்துறன்."

நான் விலகி ஒரு அடி தள்ளி நின்றேன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தட்டைப் பார்த்தார். பேத்தி, "தாத்தா, நான் ஏறட்டே?" என்று கேட்டாள். அவர் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"பிள்ளை முதல்ல சாப்பிடட்டும்," என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துப் பக்கம் போனார்.

அவள் ஏற்கனவே சாப்பிட்டுவிட்டாள். வாயெல்லாம் ஐஸ்கிறீம். ஒரு தாய் வந்து தன் பிள்ளையைக் கூட்டிப் போனாள். பிறகு இன்னொருத்தி. வரிசை தானாகவே கலைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தலைவர் பதவிக்கு நிற்கிற ஒருவர், ஒரு ஏணியிடம் தோற்றுப் போவதா? செல்வா மைக்கைச் சட்டைப் பையில் செருகினார். "ஒரு ஏணியில ஏறுறதுக்கு இவ்வளவு கதையோ," என்றபடி வந்தார். நான் கையை நீட்டி மறித்தேன். "அண்ணை, சொன்னாக் கேளுங்கோ." அவர் என் கையை மரியாதையாக விலத்தினார். முழங்கால் வருத்தத்தை மறந்துவிட்டார்.

முதல் படியில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் திரும்பிச் சனத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது படியில் கதவுத் தகடு வெளியே புடைத்தது. மூன்றாவதில் மேலே இருந்த இரண்டு நட்டுகளும் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஏணி படாரென்று விழவில்லை. வாழைமரம் சாய்கிற மாதிரி மெல்லப் பின்னால் சாய்ந்தது. அவர் இறங்கவும் முடியாமல், விடவும் முடியாமல், ஏணியைக் கட்டிப்பிடித்தபடி வந்து புல்லில் முதுகடிபட விழுந்தார். ஏணி அவருக்கு மேலே கிடந்தது. கீழே இருந்த நட்டுகள் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன.

சட்டைப் பையில் மைக் வேலைசெய்துகொண்டிருந்தது. "தூக்குங்கோ, தூக்குங்கோ, படம் எடுக்காதேங்கோ," என்று பூங்கா முழுக்கக் கேட்டது.

நானும் கணவரும் ஏணியைத் தூக்கினோம். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்றாவது படியில் மூன்று பிள்ளைகள் ஒன்றாக நின்றிருந்தால் என்ற நினைப்புத்தான் வந்தது. அவருடைய தலைக்குக் கீழே யாரோ ஒரு கூழ்ச் சட்டித் துணியை மடித்து வைத்தார்கள்.

5. பிறகு நடந்தது

மணிக்கட்டில் வெடிப்பு. மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த கிழமை தேர்தலில் அவர் மாவுக்கட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தார், வென்றுவிட்டார். பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றத் தானே முதலில் ஏறிப் பரிசோதித்த மனிசன் என்று ஒரு கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. என்னைப் பற்றியும் கதை இருந்தது. செல்வாவை எதிர்த்துப் போட்டியிட்டவரின் ஆள் நான் என்றும், நட்டைக் கழற்றி வைத்ததே நான்தான் என்றும், அதனால்தான் விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது என்றும் சிலர் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா மட்டும், "அவள் கழற்றுற ஆள் இல்லை, இறுக்குற ஆள்," என்று எனக்காகப் பேசினாராம். அது ஒரு ஆறுதல்.

திங்கட்கிழமை காலை யூட் அண்ணை என் வேலைமேசையில் ஒரு தேத்தண்ணியும் மட்டன் ரோலும் கொண்டுவந்து வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் மட்டன் ரோல் வாங்கிவருவார்கள்.

"தவம், நீர் என்னை அப்பிடி எல்லாருக்கும் முன்னால கேட்டிருக்கத் தேவையில்லை."

"கடையில தனியத்தான் கேட்டனான் அண்ணை. அப்ப நீங்கள் ஸ்ரிக்கர் ஒட்டினனீங்கள்."

அவர் ரோலை என் பக்கம் தள்ளினார். "பேத்தி இரவிரவா ஏன் ஏறவிடேல்லையெண்டு கேட்டுக்கொண்டே கிடந்தாள்," என்று சொல்லிவிட்டுப் போனார். புதுக் கதவின் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் துளைப்பானைத் தொட்டதை நான் காணவில்லை. "ஏலாது" என்ற சொல்லையும் மெல்லமெல்லப் பழகினார். வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லும்போது, தானே சுகமில்லாமல் இருக்கிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு செல்வா புதுக் கதவோடு வந்தார். முகம் இப்போது இடதுபக்கம் இருந்தது. வலதுபக்கம் வெறுமையாக விட்டிருந்தார்.

"பாத்தீங்களோ தங்கச்சி. நல்லா யோசிச்சுப்போட்டு முகத்தை மற்றப் பக்கம் மாத்தினனான். இப்ப ஏணி பிணைச்சலில வரும்."

"நல்ல யோசனை அண்ணை," என்றேன்.

இந்தமுறை நானே பூட்டினேன். பிணைச்சலின் பழைய போல்ற்றுகளைக் கழற்றி, ஏணியோடு வந்த நீளமான போல்ற்றுகளைப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோர்க் ரென்ச்சால் அளவுக்கு இறுக்கினேன். கதவைப் பலமுறை திறந்து மூடி, எங்கும் முட்டுகிறதா, பின்கமரா மறைகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி.

"ஏறிப் பாருங்கோ," என்றேன்.

செல்வா முழங்காலைத் தடவினார். யூட் அண்ணை, போன் அடிக்கிறது என்று உள்ளே போனார். போன் அடிக்கவில்லை.

அப்போது நானே ஏறினேன். ஒவ்வொரு படியிலும் நின்று, பாரத்தை முழுதாகப் போட்டு, ஒருமுறை எழும்பிக் குதித்துப் பார்த்தேன். கதவு அசையவில்லை. கூரையில் ஏறி நின்றேன். பிளாசாவின் வாகனத் தரிப்பிடம் முழுதாகத் தெரிந்தது. எங்கள் கையால் பூட்டிய வின்ச்களும் ராக்குகளும் பெரிய ரயர்களும் கழுவித் துடைத்த மாதிரி வெயிலில் மின்னின. ஒன்றிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பூட்டிய ஏணியில் நீங்கள் ஏறிப் பார்க்காமல் திறப்பைக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர் காட்சிக்குத்தான் என்று சத்தியம் செய்தாலும் ஏறுங்கள். அவர் ஏறாவிட்டாலும் அவருடைய பிக்னிக்குக்கு வருகிற பிள்ளைகள் ஏறுவார்கள். நான் அன்றிலிருந்து இன்றுவரை ஒன்றையும் ஏறாமல் விட்டதில்லை.

கீழே இருந்து செல்வா சொன்னார். "தங்கச்சி, அப்பிடியே நில்லுங்கோ. கையைக் கொஞ்சம் தூக்குங்கோ. ஒரு படம்."

களைப்பில் தூக்கிவிட்டேன்.

சில கிழமை கழித்து, தமிழ்க் கடைகளில் சும்மா அள்ளிக்கொண்டு போகிற விளம்பரப் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. அரைப் பக்கத்துக்கு அவருடைய முகம். அதற்குப் பக்கத்தில், அவருடைய காதளவு உயரத்தில், ஜீப்பின் கூரையில் கையைத் தூக்கிக்கொண்டு நான். கீழே, "செல்வாவிடம் வீடு வாங்கி மகிழ்ச்சியின் உச்சியில் நிற்கும் வாடிக்கையாளர்" என்று போட்டிருந்தது.

நாங்கள் மில்லிக்கனில் ஒரு வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரி அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு இறங்கிவந்தாள். எப்ப வீடு மாறுகிறோம், புதுசாக ஆள் பார்க்க வேண்டும், முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கோபமாகக் கேட்டாள்.